கட்டை தள்ளும் வண்டி

தம்மாம்
12-2-1987

அன்புள்ள நூர்ஜகானுக்கு, ரவூப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். உன் நலத்துக்கும் நம் மகள் பாயிஸாவின் நலத்துக்கும் துஆச் செய்கிறேன். நீ கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வந்தது. ரூமில் இருப்பவர்கள் அதற்கு அடித்துக்கொள்கிறார்கள். பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

எனக்கு வேலை மாற்றிவிட்டார்கள். அதே மரத் தொழிற்சாலைதான், ஆனால் கட்டை அறுக்கும் பகுதி. சிரிக்காதே. கள்ளக்குறிச்சியில் மரம் அறுக்கும் நம் சாமில்லை உன்னிடம் விட்டுவிட்டு விமானம் ஏறியவன் இங்கே வந்தும் சாமில்லில்தான் நிற்கிறேன். ஆனால் இது வேறு உலகம், நூரு. ரம்பம் நம்முடையது போல வட்ட ரம்பம்தான், இன்னும் பெரிது. ஆனால் ஒரு மனிதனும் கட்டையைத் தொடுவதில்லை. தண்டவாளத்தின்மேல் ஓர் இரும்பு வண்டி. கட்டையை அதில் உருட்டி வைத்தால் இரண்டு இரும்பு நகங்கள் கவ்விக்கொள்கின்றன. நான் கம்பி வலைக்குப் பின்னால் நின்று லீவரைத் தள்ளினால் வண்டியே கட்டையை ரம்பத்துக்குக் கொண்டுபோகிறது. அறுக்கும்போது மெதுவாகப் போகும், திரும்பும்போது வேகமாக வரும். கையை எடுத்தால் நின்றுவிடும். சட்டையில் மரத்தூள்கூட ஒட்டுவதில்லை. இந்த வண்டி வந்த பிறகு ஒருவனுக்கும் நகம்கூடப் போனதில்லை என்று ஃபோர்மேன் சொல்கிறார்.

எங்கள் ஊர் மில்லில் கண்ணாயிரம் என்று ஒருவர் வயிற்றை முட்டுக்கொடுத்துக் கட்டையைத் தள்ளுவார் என்றேன். கதை விடுகிறேன் என்று சிரித்தார்கள்.

மாமா கட்டிய மில்லை நீ பார்த்துக்கொள்வது எனக்குப் பெரிய நிம்மதி. ஒத்தாசைக்கு என் தம்பி வாஜித் இருக்கிறான். பாயிஸாவுக்கு முத்தங்கள்.

உன் அன்புக் கணவன்
ரவூப்

கள்ளக்குறிச்சி
8-3-1987

என் அன்பு மச்சான் அவர்களுக்கு, நூர்ஜகான் சலாம் சொல்லி எழுதுவது.

நாங்கள் நலம். பாயிஸா உங்கள் முத்தங்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கம்மியாக இருக்கிறது என்கிறாள். எனக்கு ஒன்றும் எழுதவில்லையே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் எழுதுவீர்களா?

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஊறுகாய்ப் பகுதியை அல்ல, வண்டிப் பகுதியை. காரணம் சொல்கிறேன். போன வாரம் கச்சிராயபாளையத்திலிருந்து மாங்கட்டை வந்தது, முறுக்கு விழுந்த கட்டை. சின்னராசு முன்னால் இழுக்க, கண்ணாயிரம் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். பாதி அறுபட்டதும் பிளவு மூடி ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. கட்டை அப்படியே பின்னால் எகிறி, கண்ணாயிரத்தின் இடுப்பை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. சுவரில் செங்கல் பெயர்ந்துவிட்டது. நான் ஆபீஸ் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அலறிக்கொண்டு ஓடினேன். அவரோ வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அது அப்பிடித்தான் பாயம்மா. ரம்பம் எப்ப கடிக்கும், எப்ப துப்பும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

அன்று மாலை உங்கள் கடிதத்தின் அந்த ஒரு பகுதியை மட்டும் லேத்துப் பட்டறை தனசேகரனிடம் படித்துக் காட்டினேன். "இதுல இன்னாக்கா மாயம் இருக்குது? வண்டி, தண்டவாளம், கயிறு. செஞ்சிரலாம்" என்றார். அவருக்குச் சில சந்தேகங்கள். கயிறு வண்டிக்கு அடியில் ஓடுகிறதா, பக்கத்திலா? வண்டி எதைக்கொண்டு திரும்பி வருகிறது? வேகத்தை எப்படிக் குறைக்கிறார்கள்? கொஞ்சம் நின்று பார்த்து, ஒரு படம் போட்டு அனுப்புங்கள்.

தங்கள் அன்பு மனைவி
நூர்ஜகான்

தம்மாம்
30-3-1987

அன்பு நூருவுக்கு சலாம்.

உன் கடிதம் பார்த்துச் சிரிப்பு வந்தது. நான் அதை நீ ஆச்சரியப்பட எழுதினேன், செய்து பார்க்க அல்ல. இங்கே வருவது கப்பலில் வரும் கட்டை. மூன்று ஆள் கைகோத்தாலும் அணைக்க முடியாது. அதற்கு இந்த வண்டி வேண்டும். நம்மூர் மாவுக்கும் புளிக்கும் வேம்புக்கும் எதற்கு? உன் அத்தா காலத்திலிருந்து கையால் தள்ளித்தான் அறுக்கிறோம். கண்ணாயிரத்துக்கு அது பழக்கம். நம்மூரில் தள்ள ஆளா இல்லை?

படம் போட எனக்கு நேரமில்லை. லேத்துக்காரன் பேச்சைக் கேட்டுக் காசைக் கரைக்காதே. இங்கே வெயில் தொடங்கிவிட்டது. பாயிஸாவுக்கு முத்தங்கள், இந்தமுறை ஜாஸ்தியாக.

ரவூப்

கள்ளக்குறிச்சி
12-5-1987

அன்பு மச்சான் அவர்களுக்கு, நூர்ஜகான் சலாம்.

நோன்பு நல்லபடியாகப் போகிறது. நீங்கள் வெயிலில் நோன்பு வைத்துக்கொண்டு வேலை செய்வதை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் படம் போட்டு அனுப்பாததால் நாங்களே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. கோபப்படாமல் படியுங்கள். எலவனாசூர்கோட்டையில் ஒருவர் வீட்டுக் கொல்லையில் பழைய இரும்புக் கரும்பாலை கிடந்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கே கரும்பு அனுப்பத் தொடங்கியதிலிருந்து அவர்கள் வெல்லம் காய்ச்சுவதில்லை. அதன் பல்சக்கரங்களைத் தனசேகரன் வாங்கி வந்தார். ஆங்கிள் இரும்பில் தண்டவாளம் போட்டார். கட்டையைக் கவ்வ லாரி வில்பட்டையில் இரண்டு கொக்கி. பழைய கம்பிக்கயிறு. வண்டி உருண்டபோது மில்லே கைதட்டியது.

ஆனால் அறுக்கவிட்டால் வம்பு. கட்டையில் கணு வந்ததும் ரம்பம் திணறியது. வண்டிக்கு அது தெரியவில்லை, தள்ளிக்கொண்டே போனது. பெல்ட் கழன்று கூரையில் அடித்தது. "மனுசன் தள்ளுனா கை சொல்லும், இப்ப மெதுவா, இப்ப அழுத்துன்னு. இந்த வண்டிக்கு இன்னாக்கா தெரியும்?" என்று தனசேகரன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாயிரத்துக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். "நம்ம வயித்துக்கு வேல போவல" என்று சின்னராசுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிக்கலை அவிழ்த்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் தையல் மிஷின். பாயிஸாவுக்குப் பெருநாள் சட்டை தைக்க பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் குட்டி ரப்பர் சக்கரம் பெரிய சக்கரத்தில் உரசிக்கொண்டுதானே சுற்றுகிறது? நூல் சிக்கினால் அறுபடுவதில்லை. ரப்பர் வழுக்கிக்கொண்டு நிற்கிறது. பல்லைப் பல்லோடு மாட்டியதுதான் தப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது. தைத்த சட்டையை அப்படியே கீழே வைத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். துப்பட்டி போட்டுக்கொண்டுதான் ஓடினேன், பயப்படாதீர்கள்.

இப்போது ஷாஃப்டில் சுற்றும் சக்கரத்தின்மேல், லாரி டயர்த் துண்டு சுற்றிய சின்னச் சக்கரம் ஒன்றை லீவரால் அழுத்துகிறோம். லேசாக அழுத்தினால் வண்டி மெதுவாகப் போகும், பலமாக அழுத்தினால் வேகமாகப் போகும். கணு வந்தால் டயர் வழுக்கும், வண்டி நிற்கும். லீவரை விட்டால் பின்னால் கட்டிய பாரக்கல் வண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிடும். மரப்பாச்சி போலச் சின்னதாகச் செய்து ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. பெரிய சக்கரமும் தயார், பெருநாள் கழித்து வண்டிக்கு மாட்ட வேண்டியதுதான்.

உங்கள் தொழிற்சாலையிலும் இப்படித்தானா? ஒருமுறை குனிந்து பாருங்கள், மச்சான்.

நூர்ஜகான்

தம்மாம்
5-6-1987

நூர்ஜகானுக்கு,

வாஜித் எழுதியிருக்கிறான். நீ எழுதாததையெல்லாம் அவன் எழுதியிருக்கிறான்.

மில்காரர் பக்கீர் முகமது மகள் லேத்துப் பட்டறையில் மண்டியிட்டு உட்கார்ந்து இரும்பைத் தடவிக்கொண்டிருக்கிறாள் என்று பள்ளிவாசல் வாசலில் பேச்சாம். தம்பி தலைகுனிந்து நடக்கிறானாம். நான் வேண்டாம் என்று எழுதினேனா இல்லையா? என் வார்த்தைக்கு அவ்வளவுதான் மரியாதையா? பாலைவனத்தில் நான் காய்வது நீ பழைய இரும்பு வாங்கவா?

இதோடு நிறுத்து. தண்டவாளமும் வேண்டாம், டயரும் வேண்டாம். இனி மில் சாவி வாஜித்திடம் இருக்கட்டும். நீ வீட்டையும் பிள்ளையையும் பார். நான் கோபக்காரன் அல்ல என்பது உனக்குத் தெரியும். என்னைக் கோபக்காரன் ஆக்காதே.

ரவூப்

கள்ளக்குறிச்சி
28-6-1987

மச்சான் அவர்களுக்கு சலாம்.

நிறுத்திவிட்டேன். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி மூலையில் தள்ளியாகிவிட்டது. சாவியை உங்கள் தம்பி வந்து வாங்கிக்கொண்டார். ஊரார் வாய்க்காக நிறுத்தவில்லை. நீங்கள் தனியே அங்கே கிடந்து மனம் நோக வேண்டாமே என்று நிறுத்தினேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாஜித் தம்பி எழுதிய கடிதத்தில் நான் எங்கே உட்கார்ந்தேன் என்று இருந்ததே, எதற்காக உட்கார்ந்தேன் என்று இருந்ததா? நீங்கள் அங்கே கம்பி வலைக்குப் பின்னால் நிற்கிறீர்கள். அல்லாஹ் உங்களை அப்படியே பத்திரமாக வைக்கட்டும். உங்களுக்கு ஆகாத ஆபத்து கண்ணாயிரத்துக்கு மட்டும் எப்படிப் பழக்கம் ஆகும்? பழக்கம் என்றால் தோல் இரும்பாகிவிடுமா?

தனசேகரனின் சாதிச் சங்கத்தார் இட ஒதுக்கீடு கேட்டுச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறார்கள். சீக்கிரம் பெரிய சாலை மறியல் வரும் என்று பேச்சு. தனசேகரனின் தம்பி தமிழரசன் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலை இல்லாமல் அலைகிறான். அவனும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான். பாயிஸாவுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது.

நூர்ஜகான்

தம்மாம்
4-9-1987

அன்பு நூருவுக்கு,

சொன்னதும் கேட்டாயே, அதுதான் என் நூரு. எலவனாசூர்கோட்டை ஆள் ஒருவர் லீவில் வருகிறார். அவரிடம் உனக்குப் பூப்போட்ட சேலையும் பாயிஸாவுக்குப் பேசும் பொம்மையும் கொடுத்திருக்கிறேன். மில் நன்றாக ஓடுவதாக வாஜித் எழுதினான். பார்த்தாயா, எந்த வண்டியும் இல்லாமல்தான் ஓடுகிறது.

இங்கே என் வண்டிக்குப் புதிதாக ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். ஆள் யாராவது தண்டவாளத்துக்கு அருகில் வந்தால் சிவப்பாக எரியும். இந்த நாட்டில் மனித உயிருக்கு அவ்வளவு மதிப்பு.

உன் ரவூப்

கள்ளக்குறிச்சி
1-10-1987

மச்சான் அவர்களுக்கு,

இதை எழுத இத்தனை நாள் ஆனது.

கண்ணாயிரத்தின் கை போய்விட்டது.

மறியல் தொடங்கிய மறுநாள். ஊரெங்கும் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. சின்னராசு கிராமத்திலிருந்து வர முடியவில்லை. ஒரு வீட்டு நிலைக்கு மரம் அறுத்துத் தருவதாக வாஜித் தம்பி வாக்குக் கொடுத்திருந்தார். கண்ணாயிரம் கருணாபுரம் காலனியிலிருந்து நடந்து வந்துவிட்டார். "ரெண்டு ஆளு வேல சாமி இது" என்று சொல்லியிருக்கிறார். "மெதுவாத் தள்ளு, போதும்" என்றாராம் உங்கள் தம்பி. இழுக்க ஆள் இல்லாததால் பின்னால் தள்ளிவிட்டு, முன்னால் ஓடி இழுத்து, மறுபடியும் பின்னால் போய்த் தள்ளியிருக்கிறார். வேப்பங்கட்டை. பிளவு மூடிக் கட்டை திமிறியபோது அவர் ரம்பத்துக்கு மேலே சாய்ந்து பலகையைப் பிடித்திருந்தார்.

எனக்கு ஆள் வந்து சொன்னபோது அடுப்பில் சோறு. அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வாஜித் தம்பி வெளியே நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். என் துப்பட்டியைக் கிழித்துத்தான் கட்டினேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கை சதையில் தொங்குகிறது, உடனே புதுச்சேரிக்குக் கொண்டுபோனால் ஒட்டவைக்கப் பார்க்கலாம் என்றார்கள். தனசேகரன் ஒரு வேன் பிடித்தார். கண்ணாயிரம் மனைவி சின்னப்பொண்ணு மடியில் அவர் தலை. ஊர் எல்லை தாண்டவில்லை, முதல் மரம்.

ரோடு நிறைய இளைஞர்கள். "வண்டி போவாது, திரும்பு" என்று ஒருவன் பானெட்டில் அடித்தான். நான் கதவைத் திறந்து இறங்கினேன். என் புடவை பூராவும் ரத்தம். அவன் பின்னால் நகர்ந்தான். கூட்டத்தில் தமிழரசன் இருந்தான். வேனுக்குள் எட்டிப் பார்த்தான். "டேய், கட்டிலு எட்றா!" என்று கத்தினான். யார் வீட்டிலிருந்தோ கயிற்றுக்கட்டில் வந்தது. அவர்கள் சாய்த்த மரத்தின்மேல் அவர்களே ஏறி, கட்டிலைத் தோளில் வாங்கி, அந்தப் பக்கம் இறக்கினார்கள். அடுத்த மரம்வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே வேறு கூட்டம். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். எலவனாசூர்கோட்டை தாண்டும்வரை அப்படியே தோள் மாறித் தோள் மாறிப் போனது. கட்டிலில் கிடப்பது எந்த ஊர், எந்த ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஓடும்போதே தமிழரசன் சொன்னான்: "நாங்க இன்னா மனுசன் சாவணும்னா மரத்த வெட்டுனோம்? எத்தினி வருசமா மனு குடுத்துக்கினு இருக்கோம். யாரும் படிக்கல. அதான்."

எனக்குச் சுருக்கென்றது, மச்சான். நானும் மனுதானே கொடுத்தேன். ஏர்மெயில் ஒட்டி.

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு லாரி கிடைத்தது. போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ரோட்டில் மரம் விழுந்ததால்தான் கை போயிற்று என்று வாஜித் தம்பி ஊரில் சொல்கிறார். பொய். மரம் ரோட்டில் விழுவதற்கு ஆறு மாதம் முன்பே நம் மில்லில் ஒரு மாங்கட்டை திமிறிக் காட்டிவிட்டது. அந்த மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் வண்டி இருந்தது. மாட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னப்பொண்ணு என்னிடம் கேட்டாள்: "அவுரு கடல் தாண்டி இருக்காரு. அவுருக்குத் தெரியாது. நீ பக்கத்துலயே இருந்தியே பாயம்மா. உனுக்குத் தெரியும் இல்ல? அப்பறம் எதுக்கு மூடி வெச்ச?"

அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? என் கணவர் மனம் நோகக்கூடாது என்று மூடினேன் என்றா?

நூர்ஜகான்

தம்மாம்
22-10-1987

நூர்ஜகானுக்கு,

கேள்விப்பட்டு மனம் கலங்கியது. எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். நடக்க வேண்டியது நடந்தே தீரும். நீ உன்னை வருத்திக்கொள்ளாதே.

நடக்க வேண்டியதைப் பார்ப்போம். லேபர் ஆபீசிலிருந்து ஆள் வரும். நீ முன்னால் போகாதே, வாஜித் பேசுவான். அன்று கண்ணாயிரம் குடித்துவிட்டு வந்ததாகச் சொல்லிவிடலாம் என்று வாஜித் சொல்கிறான். கருணாபுரத்து ஆள் என்றால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். கேட்பதற்கு ஒருமாதிரி இருந்தாலும் மில்லைக் காப்பாற்ற வேறு வழியில்லை. பிறகு நாம் அவரைக் கைவிடப்போகிறோமா? பெருநாளுக்குத் துணி, அரிசி கொடுப்போம். வாட்ச்மேனாக வைத்துக்கொள்ளலாம்.

ரத்தப் புடவையோடு ரோட்டில் நின்றாய் என்று எழுதியிருக்கிறாய். அந்த அவசரத்தில் தப்பில்லை. இனி வேண்டாம்.

ரவூப்

கள்ளக்குறிச்சி
14-11-1987

மச்சான் அவர்களுக்கு,

அல்லாஹ்வின் நாட்டம் என்று எழுதிவிட்டீர்கள். நம் கையில் இருந்ததைச் செய்யாமல் விட்டுவிட்டு, பழியை அவன்மேல் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்கள் தொழிற்சாலை வண்டிக்குச் சிவப்பு விளக்கு வைத்தவனும் அதே அல்லாஹ்வுக்கு அடிமைதானே? நாட்டம் என்று அவன் சும்மா இருந்தானா?

கண்ணாயிரம் குடித்ததில்லை. வெற்றிலைகூடப் போடமாட்டார். அவருக்கு நம் மில்லில் கை போயிற்று, இப்போது பெயரும் போக வேண்டுமா? கருணாபுரம் என்றால் கேட்கமாட்டார்களா? யார் கேட்காவிட்டாலும் நான் கேட்பேன்.

லேபர் ஆபீஸ்காரர் வந்தார். வாஜித் தம்பி நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தொடங்கினார், "ஆளு கொஞ்சம் தண்ணி..." என்று. நான் உள்ளே போனேன். "அவரு குடிக்கல. ரெண்டு ஆளு வேலையை ஒரு ஆளுகிட்ட வாங்கினோம். கட்டை தள்ள வண்டி செஞ்சு வெச்சிருந்தோம். மாட்டாம விட்டோம். எழுதிக்குங்க" என்றேன். தார்ப்பாயையும் தூக்கிக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். நிவாரணத்துக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். மில் அத்தா என் பெயரில் எழுதிவைத்தது என்பதை நீங்கள் இருவரும் மறந்துவிட்டீர்கள். நானும் மறந்துதான் இருந்தேன்.

பிறகு வாஜித் தம்பியிடம் சாவியைக் கேட்டேன். "அண்ணன் சொல்லாம குடுக்கமாட்டேன்" என்றார். "உங்க அண்ணன் சொல்லித்தான் ஒரு கை போச்சு. குடுங்க" என்றேன். மேசைமேல் எறிந்துவிட்டுப் போனார்.

அன்றே தனசேகரனுக்கு ஆள் அனுப்பினேன். வண்டியை மாட்டிவிட்டோம். ரம்பத்துக்குப் பின்னால் ஓர் இரும்பு ஆப்பும் நட்டிருக்கிறோம், பிளவு மூடாமல் இருக்க. முதலில் அறுத்தது அந்த வேப்பங்கட்டையின் மிச்சம். கணு வந்தது. டயர் வழுக்கியது. வண்டி நின்றது. மெதுவாக மறுபடியும் போனது. பலகை பிரிந்து விழுந்தபோது யாரும் கைதட்டவில்லை. சின்னராசு வெளியே போய் உட்கார்ந்து அழுதார்.

பள்ளிவாசல் வாசலில் இன்னும் பேசுகிறார்களாம். பேசட்டும்.

நூர்ஜகான்

தம்மாம்
20-1-1988

அன்பு மனைவி நூர்ஜகானுக்கு,

உன் கோபக் கடிதம் வந்தது. பதில் எழுதாமல் இருந்தேன், ஆறட்டும் என்று. ஆறியிருக்கும் என நம்புகிறேன்.

திருக்கோவிலூர் மில்காரர் ஒருவரின் மருமகன் இங்கே இருக்கிறார். நம் மில் வண்டியைப் பற்றி அங்கே எல்லாரும் பேசுகிறார்களாம். கட்டை அறுப்பு ஜாஸ்தி, ஆள் கம்மி என்று. கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன இருந்தாலும் நான் எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த யோசனைதானே. அவர்களுக்குச் செய்து கொடுப்பதைத் தொழிலாகவே செய்யலாம் என்று இருக்கிறேன். 'ரவூப் டிராலி' என்று பெயர் வைத்து வாசலில் போர்டு எழுதச் சொல். தனசேகரன் நம்மைக் கேட்காமல் வேறு யாருக்கும் செய்யக்கூடாது. அளவை ஒருவருக்கும் காட்டாதே.

நோன்புக்கு முன் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடுகிறேன். இனி மில்லை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பட்டதெல்லாம் போதும். வீட்டோடு நிம்மதியாக இரு.

உன் ரவூப்

கள்ளக்குறிச்சி
12-2-1988

ரவூப் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அளவைக் காட்டாதே என்று எழுதியிருக்கிறீர்கள். காட்டிவிட்டேன். சங்கராபுரம் மில்காரர் வந்து கயிறு பிடித்து அளந்துகொண்டு போனார். வெள்ளிமலையிலிருந்து மரம் கொண்டுவருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, அவர்கள் மரம் போடும் மில்களிலெல்லாம் சொல்கிறார்கள். யார் கேட்டாலும் செய்து கொடுங்கள் என்று தனசேகரனிடம் சொல்லிவிட்டேன். அங்கேயும் யாரோ ஒருவர் வயிற்றை வைத்துத் தள்ளிக்கொண்டுதானே இருக்கிறார்? அவர் கையைக் காக்கும் வண்டியைப் பூட்டிவைத்து நாம் தொழில் செய்ய வேண்டுமா?

உங்கள் கடிதத்திலிருந்து பிறந்த யோசனை என்பது உண்மை. நீங்கள் எழுதாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. என் கோபம் ஆறாததற்குக் காரணமும் அதுதான். தெரியாதவர் வேண்டாம் என்று சொன்னால் மன்னிக்கலாம். நீங்கள் தினமும் அந்த லீவரைப் பிடித்துக்கொண்டு, மாலையில் ரூமுக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு, அதே கையால் வேண்டாம் என்று எழுதினீர்கள்.

போர்டு எழுதவில்லை. வண்டிக்குப் பெயர் எதுவும் கிடையாது.

கண்ணாயிரம் போன வாரம் மில்லுக்கு வந்தார். வாட்ச்மேன் வேலைக்கு வரச்சொல்லி நான் ஆள் அனுப்பியும் வராதவர், தானாக வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சின்னராசு கட்டையை ஏற்றினார். வண்டி போய்ப் போய்த் திரும்பியது. பிறகு என்னிடம் வந்து, "வாட்ச்மேன் வேலைக்கு வரமாட்டேன் பாயம்மா. கேட்டாண்ட உக்காந்துக்கினு போறவன் வர்றவன்லாம் ஐயோ பாவம்னு பாக்கணுமா? எனுக்கு மரம் தெரியும். கணு எங்க வரும்னு தெரியும். அந்த லீவர குடு" என்றார்.

குரலில் அவ்வளவு கோபம். எனக்கு அது பிடித்திருந்தது.

இருக்கும் கையால் பிடித்தார். முதல் கட்டையில் அழுத்திவிட்டார், டயர் கத்தியது. திட்டினார், என்னையும் தனசேகரனையும் வண்டியையும் சேர்த்து. இரண்டாவது கட்டையில் வாய் மூடிக்கொண்டது. இப்போது லீவர் அவருடையது. கம்பி வலை அடித்துக் கொடுத்திருக்கிறேன். சின்னப்பொண்ணு மட்டும் இன்னும் என்னோடு பேசுவதில்லை. மத்தியானச் சோற்றை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவள் பேசாததில் நியாயம் இருக்கிறது.

நீங்கள் வாருங்கள். பாயிஸா காலண்டரில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நீங்கள் அத்தா, அதில் ஒரு மாற்றமும் இல்லை. வீட்டில் உங்கள் அறை பெருக்கித்தான் இருக்கிறது. மில் சாவி மட்டும் என்னிடம் இருக்கும். அதைக் கேட்க வேண்டாம். நானும் நீங்களும் எப்படி இருப்போம் என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை.

போன வருடம் இதே நாளில் தொடங்கி எத்தனையோ கேட்டு எழுதியிருக்கிறீர்கள். எதற்கு லேத்துப் பட்டறைக்குப் போனாய், என் வார்த்தைக்கு அவ்வளவுதான் மரியாதையா என்றெல்லாம். கண்ணாயிரத்துக்குப் போனது எந்தக் கை என்று மட்டும் நீங்கள் கேட்கவே இல்லை. கேட்பீர்கள் என்று ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்தேன்.

நானாகச் சொல்லமாட்டேன். கேட்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு மட்டும் பதில் போடுகிறேன்.

நூர்ஜகான்